சாவி நுழைந்தால் போதுமா?

லேக் மார்க்கெட் வாசலில் வாழைப்பூ பேரம் பேசிக்கொண்டிருந்த என் நண்பரின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. "எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா சார்?" என்று கேட்டேன். "இடிக்கவே இல்லை சார், தானாக வந்தது. நாலைந்து நாளாகப் பல் தேய்த்தால் ஈறிலும் ரத்தம்" என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. அவர் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷத்துக்கு முன் இருதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர். அன்று முதல் இரத்தம் உறையாமல் இருப்பதற்காக வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருபவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து "தானாக வந்தது" என்று கேட்டதும் எனக்கு வாழைப்பூ மறந்துவிட்டது. கையோடு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்ட ஐ.என்.ஆர். என்று ஒரு பரிசோதனை உண்டு. இவருக்கு அது மூன்றை ஒட்டி இருக்கவேண்டும் என்பது டாக்டர் வைத்திருந்த கணக்கு. அன்று ஏழைத் தொட்டிருந்தது. தலைக்குள் ஒரு சின்ன இரத்தக்குழாய் கசிந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும். பணியில் இருந்த இளம் டாக்டர், "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "ஒன்றுமில்லை" என்றே பதில். நான்காவது முறை, செய்தி கேட்டு ஓடி வந்திருந்த அவர் மனைவி, "ராத்திரி நாக்குக்கு அடியிலே விட்டுக்கறாரே, அந்த எண்ணெய்..." என்று இழுத்தார்.

சின்னப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி. மூட்டு வலிக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்று யாரோ சொல்லி வாங்கியது. மேலே 'விஜயா இலைச் சாறு' என்று போட்டிருந்தது. விஜயா வேறொன்றுமில்லை. விஜயதசமி அன்று நம் வங்காளி அண்டை வீட்டார் அரைத்துக் கலக்கிக் குடிக்கும் சித்தி, காசியில் பாங்கு, அதே செடியின் இலைதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பிசினையும் பூக்கும் காய்க்கும் நுனிகளையும் தடை செய்கிறது. நுனி இல்லாமல் தனித்து இருக்கும் இலையும் விதையும் அந்தச் சட்டம் கூறும் 'கஞ்சா'வுக்குள் வருவதில்லை. ஆகவே இலைச் சாறு ஆயுர்வேத உரிமத்தின் பேரில் விற்பனைக்கு வருகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை புட்டியோடு வந்த துண்டுத் தாளுடன்தான்.

வழவழப்பான அந்தத் தாளில் ஒரு வரைபடம். மேலிருந்து கீழே சரியும் ஒரு கோடு. பக்கத்தில் ஓர் எண். அடியில், "மனித சிபி-2 ரிசப்டருடன் பிணைவது ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம். என் நண்பர் முப்பத்தாறு வருஷம் எண்களோடு குடித்தனம் செய்தவர். சாமியார் சொன்னால் நம்பமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்பமாட்டார், எண் போட்டு வரைபடம் போட்டால் நம்பிவிடுவார். நம்மில் பலரும் அப்படித்தான். படித்தவர்களை ஏமாற்றப் படித்தவர்கள் கண்டுபிடித்த வழி இது.

அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. நான் திருச்சிப் பக்கத்தில் டிப்ளமா முடித்து, சிக்னல் இன்ஸ்பெக்டராகக் கரக்பூர் டிவிஷனுக்கு வந்து, ரிலேக்களுடனும் பேட்டரிகளுடனும் காலம் தள்ளியவன். ஆனால் என் தங்கை மகள் ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வகத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறாள். தாளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். "மாமா, இதை எதுக்கு ஒரு பேஷன்ட் கையிலே குடுத்தாங்க?" என்பதுதான் அவள் முதல் கேள்வி. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வகுப்பு நடந்தது. புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நம் உடம்பில் உள்ள செல்களின் மேலுறையில் பல விதமான பூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் ரிசப்டர் என்று பெயர், ஏற்பி என்று தமிழில் எழுதுகிறார்கள். கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யை இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் 1964-ல் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். (மெக்கூலம் போலீசாரிடம் ஐந்து கிலோ ஹஷீஷ் வாங்கி அதைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாராம். பக்கத்தில் இருந்த பயணிகள் இது என்ன வாசனை என்று கேட்டார்களாம். அவரே பல இடங்களில் சொன்ன கதை. 2023-ல் காலமானார்.) அந்தப் பொருள் உடம்பில் எந்தப் பூட்டில் நுழைகிறது என்று தெரிய இன்னும் 24 வருஷம் ஆயிற்று. 1988-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவுலெட்டும் அவரது மாணவர் வில்லியம் டெவேனும் எலியின் மூளையில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1990-ல் அதன் ஜீன் கிடைத்தது, அது சிபி-1. 1993-ல் கேம்பிரிட்ஜில் சிபி-2 கிடைத்தது. முதலாவது மூளையில் ஏராளம். இரண்டாவது பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில்.

பூட்டு இருந்தால் சாவி நம் உடம்பிலேயே இருக்கவேண்டும் அல்லவா? கஞ்சா பிடிப்பதற்காகவா பகவான் பூட்டு வைத்தார்? 1992-ல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து அந்தச் சொந்தச் சாவியைப் பிரித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைட். நம் 'ஆனந்தம்'தான்! ஜெருசலேமில் இருந்துகொண்டு சம்ஸ்கிருதத்தில் பெயர் தேடியிருக்கிறார்கள்.

இனி சோதனைக்கு வருவோம். மனித ரிசப்டரின் ஜீனை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, அந்தச் செல்களைப் பெருக்குகிறார்கள். சீன வெள்ளெலியின் சூல்பையிலிருந்து வந்த செல் வகை ஒன்று இதற்குப் பிரசித்தம். பிறகு செல்களை உடைத்து மேலுறையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். சோதனை நடக்கும் தட்டு நம் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டி மாதிரி, ஆனால் ஏழு குழிக்குப் பதில் 96 குழிகள், ஒவ்வொன்றும் சுண்டு விரல் நுனி அளவு. குழிக்குள் மேலுறையைப் போட்டு, ரிசப்டரில் நன்றாக உட்காரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை விடுகிறார்கள். ஃபைசர் கம்பெனி தயாரித்த சிபி-55,940 என்ற பொருள் வழக்கமாகப் பயன்படுவது. அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்திருப்பதால் அது எங்கே இருக்கிறது என்பதை எண்ணிவிடலாம்.

அதோடு நாம் சோதிக்க விரும்பும் புதுப் பொருளையும் விடுவார்கள். இது ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இடம் பிடிக்கும் போட்டி. புதுப் பொருள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கதிரியக்கப் பயணிக்கு இடம் கிடைக்காது. கடைசியில் நூலிழைக் கண்ணாடி வடிதாளில் வடிகட்டிக் கழுவி, ஒட்டியிருக்கும் கதிரியக்கத்தை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் புதியவர் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். பொருளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை சரிந்துகொண்டே வரும். என் நண்பரின் தாளில் இருந்த சரியும் கோடு இதுதான். பாதி இடங்களைப் பிடிக்க எவ்வளவு பொருள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு ஓர் எண் தருவார்கள். எண் சிறிதாக இருந்தால் பிடி இறுக்கம்.

ஆயிரக்கணக்கான பொருள்களை முதலில் ஒரே அளவில் போட்டுப் பார்த்து, கதிரியக்கத்தைப் பாதிக்கு மேல் விரட்டியவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுப்பது வழக்கம். மாவைச் சலிப்பதுபோல. பெயரே அதற்கு ஸ்கிரீனிங்தான். இதிலும் தொல்லை உண்டு. கஞ்சாப் பொருள்கள் பிசின் ஜாதி, தண்ணீரில் கரைய மறுக்கும், பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்காக அல்புமின் என்ற புரதத்தைச் சேர்க்கிறார்கள். சேர்க்கும் அளவு பிசகினால் எண்ணும் பிசகும். "ஒரே பொருளுக்கு ரெண்டு லேப்லே ரெண்டு நம்பர் வரும் மாமா, அதனாலேதான் எங்க தட்டிலே எப்பவும் தெரிஞ்ச பொருளையும் சேர்த்து வெச்சு ஒப்பிடுவோம்" என்றாள். அவளுடைய வேலையில் எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். நாங்களும் மீட்டரை நம்புவதற்கு முன் மீட்டரைச் சோதிப்பவர்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையில் நீல்ஸ் பந்து டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. பழைய ஆட்களுக்குத் தெரியும். இரும்புப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக்கூடாது. ஒரு செக்‌ஷனின் பந்து பக்கத்து செக்‌ஷனின் கருவிக்குள் போகாதபடி அமைப்பு வேறுபடும். ஆனால் பந்து உள்ளே போய்விட்டது என்பதாலேயே காரியம் முடிந்துவிடாது. கைப்பிடி திரும்ப வேண்டும், அடுத்த ஸ்டேஷன்காரர் அவர் பங்கைச் செய்யவேண்டும், அதன் பிறகுதான் சிக்னலைப் பற்றிப் பேச்சு. நுழைவது வேறு, திரும்புவது வேறு, வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்வது வேறு.

ரிசப்டரிலும் அப்படியே. நுழைந்த சாவி பூட்டைத் திறக்கலாம், பாதி திறக்கலாம், திறக்காமல் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கலாம், திறந்திருந்ததைப் பூட்டவும் செய்யலாம். முதல் சோதனையின் கோடு இந்த நான்குக்கும் ஒரே மாதிரி சரியும்! எது எது என்று தெரிய அடுத்த சோதனை வேண்டும். சிபி-1 திறந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற ஒரு பொருள் குறையும். குறைவதைப் பார்க்க முதலில் அதை ஏற்றிவிடவேண்டும். அதற்கு அவர்கள் சேர்ப்பது ஃபார்ஸ்கோலின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? சேலம், தருமபுரிப் பக்கம் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து. 1970-களில் பம்பாயில் ஹெக்ஸ்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிரித்தெடுத்தது. இன்று உலகம் முழுவதும் இந்த மாதிரிச் சோதனைக்கு நம் ஊர்க் கிழங்கின் சத்து போகிறது. இதைக் கேட்டபோது விஷயத்தை மறந்து ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இதற்கெல்லாம் பிறகு எலி, பிறகு ஆரோக்கியமான மனிதர்கள், பிறகு நோயாளிகள். ஒவ்வொரு வாசலிலும் பல மருந்துகள் நின்றுபோகும். என் நண்பரின் தாள் முதல் வாசலின் தாள்.

முதல் வாசலில் முதல் மார்க் வாங்கியது பின்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. பிரான்ஸின் சனோஃபி கம்பெனி 1994-ல் ரிமோனாபன்ட் என்ற பொருளை உலகுக்கு அறிவித்தது. சிபி-1 பூட்டில் இறுக்கமாக உட்காரும், சிபி-2 பக்கம் ஏறக்குறைய எட்டிப் பார்க்காது. சலிப்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. கஞ்சா பசியைத் தூண்டும் அல்லவா, அந்தப் பூட்டை அடைத்தால் பசி குறையும் என்பது யோசனை. குறையவும் செய்தது, எடையும் இறங்கியது. 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தப் பூட்டு பசிக்கு மட்டும் வைத்ததல்ல. மனசு ஒரு நிலையில் நிற்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வும் பதற்றமும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தன. 2007-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒருமனதாக வேண்டாம் என்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். நம் நாட்டிலும் பல கம்பெனிகள் இதைச் செய்து விற்றன. 2009 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது. ஆய்வகம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். அதற்குச் சரியான பதில் சொன்னது.

தலைகீழான கதையும் உண்டு. கஞ்சாவில் டி.எச்.சி.க்கு அடுத்துப் பெயர் பெற்ற பொருள் சி.பி.டி. போதை தராது. இந்த இரண்டு பூட்டுகளிலும் அது பிடிமானமாக உட்காருவதே இல்லை. நம் சல்லடையை மட்டும் நம்பியிருந்தால் முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் கடுமையான இரண்டு வகைக் குழந்தை வலிப்பு நோய்களுக்கு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 2018 ஜூனில் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஆகவே சல்லடையில் நின்றதெல்லாம் மருந்து என்பதும் தவறு, விழுந்ததெல்லாம் உமி என்பதும் தவறு.

எண்ணை மட்டும் படித்த வேறொரு கூட்டமும் இருந்தது. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹஃப்மன், ரிசப்டரின் வடிவத்தைப் புரிந்துகொள்வதற்காக நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து, எண்களோடு ஆராய்ச்சி இதழ்களில் வெளியிட்டார். அதில் ஜே.டபிள்யூ.எச்.-018 என்பது டி.எச்.சி.யை விட நான்கைந்து மடங்கு இறுக்கமாகப் பிடிப்பது. 2008-ல் ஐரோப்பாவில் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்ற மூலிகைப் பொட்டலங்களைச் சோதித்தபோது உள்ளே தெளித்திருந்தது இதுதான். டி.எச்.சி. பூட்டைப் பாதிதான் திறக்கும், இது முழுதும் திறக்கும். மஞ்சள் சிக்னலுக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம். வாங்கிப் புகைத்த இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இறக்குமதி செய்த மூலிகை என்று நினைத்து வாங்கியவர்கள் அவர்கள்.

என் நண்பரின் விஷயத்தில் நடந்தது இன்னும் எளிது. வார்ஃபரினைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. சி.பி.டி. அந்த நொதியின் வேலையைத் தடுக்கக்கூடியது. சாப்பிட்ட மாத்திரை அதே ஒன்றுதான், வெளியேறுவது குறைந்ததால் உடம்பில் சேர்ந்துகொண்டே போயிற்று. எண்ணெய்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று புட்டியில் எங்கும் போடவில்லை. துண்டுத் தாளில் சிபி-2 உண்டு, கல்லீரல் இல்லை. வால்வு மாற்றிக்கொண்டவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே பூட்டு எதுவோ அது அந்தத் தாளில் இல்லை.

இங்கே நம் கல்கத்தாவின் ஒரு பெரிய மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓஷாக்னஸி, மெடிக்கல் காலேஜில் ரசாயனப் பேராசிரியர். நாங்கள் சிக்னல் தந்தி இலாகாக்காரர்கள் அவரை எங்கள் முன்னோர் என்போம். 1851-ல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்குத் தந்திக் கம்பி போட்டவர், பிறகு இந்தியா முழுவதும் தந்தி கொண்டுவந்தவர். அதே மனிதர் 1839-ல் கஞ்சாவைப் பற்றி எழுதிய கட்டுரைதான் மேல்நாட்டு வைத்தியத்துக்கு அதை அறிமுகப்படுத்தியது. அவரிடம் ரிசப்டரும் இல்லை, குழித் தட்டும் இல்லை. இங்கே வழக்கத்தில் இருப்பதை வைத்தியர்களிடமும் பண்டிதர்களிடமும் விசாரித்தார். பிறகு நாய்க்கும் ஆட்டுக்கும் காகத்துக்கும் மீனுக்கும் கொடுத்துப் பார்த்தார். மாமிசம் தின்பவற்றுக்குப் போதை ஏறியது, புல் தின்பவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் நோயாளிகள். தனுர்வாதத்தில் துடித்தவர்களுக்கும், வலிப்பு வந்த ஒரு பச்சைக் குழந்தைக்கும் கொடுத்ததை அப்படியே எழுதி வைத்தார். குழந்தைக்குக் குணம் தெரிந்ததை எழுதினார். வெறிநாய் கடித்தவர்களுக்கு வேதனைதான் குறைந்தது, உயிர் பிழைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

நான் இதைச் சொன்னதும் மருமகள் விடவில்லை. "அப்ப எங்க வேலை வேண்டாம்ங்கறீங்களா? ரிசப்டர் டெஸ்ட் இல்லேன்னா இன்னைக்கும் நாயிலேயும் ஆஸ்பத்திரி வார்டிலேயும்தான் மாமா தொடங்கணும்" என்றாள். நியாயம். ஆயிரம் பொருள்களில் ஒன்பது நூற்றுச் சொச்சத்தை ஒரு ஜீவனுக்கும் துன்பம் இல்லாமல் ஒதுக்கித் தள்ளுவது சின்ன உபகாரமா? டி.எச்.சி. அளவு மீறினாலும் அபினி ஜாதி மருந்துகளைப் போல மூச்சை நிறுத்திக் கொல்வது ஏன் அரிது என்ற கேள்விக்கும் பதில் ரிசப்டர் ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் சிபி-1 மிகக் குறைவு. இந்த ஆராய்ச்சி நம் நாட்டில் இன்னும் பெருகவேண்டும். ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் அரசு அனுமதியோடு கஞ்சாச் செடியை வளர்த்து ஆராய்வது நல்ல காரியம். புற்று நோயின் வலியில் கிடப்பவர்களுக்கு இந்தச் செடியிலிருந்து ஏதாவது கிடைக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். முதல் வாசலின் தாளை விற்பனைத் தாளாக மாற்றக்கூடாது. ரயில்வேயில் புதிதாக ஒரு சிக்னல் கருவி வந்தால் லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. அதைச் சூட்டிலும் ஈரத்திலும் அதிர்விலும் போட்டுப் பார்க்கும். அதில் தேறினாலும் நேரே லைனுக்கு வராது. சில ஸ்டேஷன்களில் மாதக் கணக்கில் கள சோதனை. அதுவரை கருவி செய்த கம்பெனி, "சோதனைச்சாலையில் தேறியது" என்று சொல்லி எந்த டிவிஷனுக்கும் விற்க முடியாது. ஒருமுறை ஒரு ரிலே, சோதனைச்சாலையில் பொன்னாக இருந்தது, எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் மூன்றாம் மாதமே பச்சை பூத்துப்போயிற்று. வண்டிக்கு ஒரு நியாயம், வண்டியில் போகிற மனிதனின் ஈரலுக்கு வேறு நியாயமா?

மருந்து என்று சொல்லி விற்கும் எதனோடும் ரிசப்டர் வரைபடம் வந்தால், எந்த வாசல் வரை தேறியது என்பதை அதே எழுத்தளவில் அதே தாளில் போடவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். நோயாளிகளிடம் சோதித்ததாகச் சொன்னால் பதிவு எண் வேண்டும். 2009 ஜூனிலிருந்து நம் நாட்டில் மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம், அதை யாரும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கூடவே, வார்ஃபரின், வலிப்பு மாத்திரை போன்றவை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது என்ற ஒரு வரி. ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

இதற்கு நம் சங்க நண்பர்களே சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். ஆயிரம் வருஷமாகக் குடிக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பது. தசமிக்கு ஒரு டம்ளர் சித்தி குடித்தவர் யாரும் இயந்திர வால்வு வைத்துக்கொண்டு, வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டு, தினமும் இரவு குடிக்கவில்லை. பழக்கம் பழையது, உடம்பும் மாத்திரைப் பெட்டியும் புதியவை. இன்னொரு மறுப்பு, "மூலிகைதானே" என்பது. எட்டியும் மூலிகைதான்.

ஒரு விஷயம் நம் கையிலேயே இருக்கிறது. மருந்தால் வந்த தீங்கைப் பதிவு செய்ய காஜியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய அரசின் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. டாக்டர் மட்டுமில்லை, நோயாளியும் எழுதி அனுப்பலாம், படிவம் உண்டு. எங்கள் இளம் டாக்டர் நிரப்பி அனுப்பினார். "என் பெயர் வருமா?" என்று நண்பருக்குக் கவலை. வராது என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். கஞ்சா இலையைச் சாப்பிட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். மூன்று முறை "ஒன்றுமில்லை" என்று சொன்னதும் அந்த வெட்கத்தால்தான் என்று பிறகு தெரிந்தது.

எண்ணெய்க் கம்பெனிக்கு நான் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று கேள்வி: சோதனையில் போட்டது இந்தப் புட்டியில் உள்ள சாறா, இல்லை கடையில் வாங்கிய சுத்தமான பொருளா? பூட்டில் நுழைந்தது சரி, திறந்ததா, அடைத்ததா? வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? கடிதம் சேர்ந்துவிட்டதாகத் தபால் இலாகாவிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனியிடமிருந்து இதை எழுதும் வரை ஒன்றும் வரவில்லை. வந்தால் இதே பக்கத்தில் அப்படியே வெளியிட ஆசிரியரைக் கேட்டுக்கொள்வேன்.

நண்பருக்கு இப்போது ஐ.என்.ஆர். 2.9. கைத் திட்டு பச்சையாகி மஞ்சளாகி மறைந்தது. மூட்டு வலி அப்படியே இருக்கிறது, வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போகிறார். போன வெள்ளிக்கிழமை பார்த்தபோது மெதுவாகக் கேட்டார்: "சார், அந்தப் புட்டியிலே பாதிக்கு மேல் இருக்கு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். திருப்பி எடுத்துப்பாங்களா?"